சீரியல் செட்

கேம்ப் ரோடு முனையில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் ஏறியபோது ஜெயவேலு மடியில் பையை அணைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாக இதே கூத்துதான். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த நாளிலிருந்து தாம்பரம் பக்கத்தில் எவன் பை வைத்திருந்தாலும் பாதிக் குற்றவாளி. தாடியும் வைத்திருந்தால் முழுக் குற்றவாளி. துரைக்குத் தாடி இருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு வாடா என்று காலையில்கூடச் சொல்லியிருந்தான் ஜெயவேலு. கேட்டால்தானே?

துரை முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தெற்கே மண்டபம் பக்கத்து ஆள், முப்பதை நெருங்குகிறவன். கோவிலம்பாக்கத்தில் ஜெயவேலுவின் வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, கோயில் கோயிலாகச் சீரியல் செட் விளக்கு கட்ட அவனோடு அலைகிறவன். எந்த ஊர் என்று கான்ஸ்டபிள் கேட்டதற்கு வாயைத் திறந்து பதில் சொன்னான் பாருங்கள், அதுதான் வினையாகப் போயிற்று. இங்கத்திய போலீஸ் காதுக்கு மண்டபத்துப் பேச்சும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் ஒன்றுதான். கழுத்தில் கை வைத்துக் கீழே இறக்கினார்கள். இவனோடு வந்தவன் யார் என்று ஏட்டு ரத்தினம் பஸ் முழுவதையும் பார்த்துக் கேட்டார்.

அப்போதே எழுந்து நின்றிருக்க வேண்டும். ஜெயவேலு ஜன்னலுக்கு வெளியே கரும்பு ஜூஸ் வண்டியைப் பார்த்தான். பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு வீடு வாடகைக்கு விட்ட பாவத்துக்கு ஒருத்தரை அள்ளிக்கொண்டு போய் இன்னும் விடவில்லை. வீட்டோடு வைத்துச் சோறு போடுகிறவனைச் சும்மா விடுவார்களா? பெண்டாட்டி கங்கையம்மாளுக்கு இது நிறைமாசம் வேறு. துரையும் கெட்டிக்காரன்தான், திரும்பியே பார்க்கவில்லை. தனியாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டான்.

ஆனால் பை ஒன்று இருக்கிறதே! சேலையூரில் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கொண்டுபோன சாமான் அத்தனையும் அதில்தான் இருந்தது. ஒயர் சுருள், பல்பு சரம், விளக்கை மாற்றி மாற்றி எரிய வைக்கும் மர உருளை, அதில் அடித்த செப்புத் தகடுகள், அதைச் சுற்றும் குட்டி மோட்டார். ரத்தினம் கடைசி வரிசை வரை வந்து பையைப் பிரித்து உருளையை வெளியே எடுத்தார். உடனே கையை நீட்டித் தன் உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் செருப்பைக்கூட விட்டுவிட்டு இறங்கி ஓடினார். துரையோடு ஜெயவேலுவையும் ஒரே வேனில் ஏற்றினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் துரை லாக்கப்புக்குள், ஜெயவேலு அதற்கு வெளியே பெஞ்சில். அவனைத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவன் யாருன்னே எனுக்குத் தெரியாது சார்."

கம்பிக்கு அந்தப் பக்கம் துரை தாடியைச் சொறிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஜெயவேலுவால் ஒரு நிலையில் உட்கார முடியவில்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்ததைக் குடிக்காமல் வைத்திருந்தான். சே, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. தான் வெளியே போனால்தானே யாரையாவது பிடித்து அவனையும் எடுக்க முடியும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தான். அதுவும் நிற்கவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டருக்கே சலித்துவிட்டது. விளக்கு என்றால் எரிய விட்டுக் காட்டு, எரிந்தால் பையை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இரு என்றார். சரத்தைக் கட்ட லாக்கப் கம்பியைத் தவிர அங்கே வேறு இடமில்லை. ஜெயவேலு கட்டிக்கொண்டு போனான். ஒயரின் மறுமுனையைப் பிடிக்க வழக்கம்போலத் துரையின் கை மேலே வந்தது. பாதியில் இறங்கிவிட்டது.

பிளக் பாயின்ட் பக்கத்து அறையில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மண்டி போட்டுத் தலையை உள்ளே விட்டுச் சொருகினான். எரியவில்லை. எரியவில்லையே என்று ரத்தினம் அங்கிருந்து சொன்னபோது இன்ஸ்பெக்டரின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜெயவேலு அவசரமாக உருளையைக் கழற்றினான். தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பிளேடால் சுரண்டினான், ஊதினான், ஒயரை முறுக்கினான். சுரண்டச் சுரண்டப் பயம் போய், கை தன் வேலையில் இறங்கிவிட்டது. ஸ்டேஷன், ஏட்டு, வேன் எல்லாம் எங்கோ போயின. எத்தனை கோயிலில் இப்படி ஒரு மூலையில் கிடந்திருப்பான், விளக்கு தெரிகிற இடத்தில் துரை நிற்பான். பிளக்கை மறுபடி சொருகினான். மோட்டார் கடகடவென்று ஓடியது.

"துரை, எரியுதாடா?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பீரோவுக்குப் பின்னாலேயே செத்துப் போய்விடலாமா என்று நினைத்தான். துரையிடமிருந்து பதில் வந்தது. கோயிலில் சொல்கிற அதே குரல்.

"நீலம் மட்டும் எரியலண்ணே."

ஜெயவேலு எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தெரியாது என்றாயே என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியும் சார். துரை. என் வூட்லதான் கீறான்."

ரத்தினம் லாக்கப் சாவியோடு அவன் பின்னால் வந்து நின்றார். துரையை வெளியே விடவா, தன்னையும் உள்ளே தள்ளவா என்று ஜெயவேலு திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியருகே போய் நீல பல்பு ஒன்றைத் திருகிப் பார்த்தான். சிவப்பு ஓடியது, பச்சை ஓடியது, மஞ்சள் ஓடியது. நீலத்தின் முறை வரும்போது மட்டும் துரையின் முகம் இருட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது.