கதவைச் சாத்திய கை

1951ஆம் ஆண்டு செப்டம்பர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, நண்பகல் உணவு இடைவேளையில், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, படப்பிடிப்புக்காகவே மரப்பலகைகளால் எழுப்பப்பட்டிருந்த ஒரு தெருவில், நடிகை ஹெஸ்டர் லிண்டிடம் கையொப்பம் கேட்டு ஒரு தாள் நீட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்தப் படத்தில் அவருக்கு விடுதிக்காரி வேடம்.

படத்தின் கதை சிக்கலானதன்று. ஒரு கொலையை நேரில் கண்ட வண்டியோட்டி, ஊரையே தன் பிடியில் வைத்திருக்கும் மாட்டுப் பண்ணை முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லத் துணிகிறான். நீதிபதி வந்து சேரும்வரை ஓர் இரவு தங்க இடம் கேட்டு வீடு வீடாக அலைகிறான். ஒருவரும் திறப்பதில்லை. விடுதிக்காரி மட்டும் கதவைத் திறக்கிறாள், அவன் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு சாத்துகிறாள்.

இந்தக் கதையை எழுதிய ரோத்மன், திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் தம் நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்துவிட்டார். மறுவாரமே அவரைப் படப்பிடிப்புக்குள் விட வேண்டாமென்று உத்தரவு வந்தது. அடுத்து வந்ததுதான் அந்தத் தாள். ரோத்மன் நாட்டுக்கு எதிராகப் பேசியதைக் கீழே கையொப்பமிட்டோர் தம் காதால் கேட்டனர் என்றும், படத்திலிருந்து அவர் பெயர் நீக்கப்பட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

தாளைக் கொண்டுவந்தவன் உதவி இயக்குநர் லைல். சிரித்த முகக்காரன்.

“சும்மா ஒரு கையெழுத்து, மேடம். எல்லாரும் போட்டாச்சு. குதிரைங்கதான் பாக்கி, அதுங்களுக்குப் பேனா பிடிக்க வரல.”

ஹெஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். எதையும் ஒரு முறை படித்து முடிவு செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை.

“நான் எதையும் கேக்கலையே, லைல்.”

“கேட்டதா நினைச்சுக்குங்க. வேஷம் கட்டுறவங்களுக்கு அது என்ன பெரிய வேலையா?”

சாயங்காலம் சொல்வதாக அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ரோத்மனை ஹெஸ்டருக்குப் பிடிக்காது. ஒத்திகையின்போது ஹெஸ்டரின் காப்பித் தட்டில் சிகரெட் சாம்பலைத் தட்டுவார் அந்த மனிதர். மனப்பாடமான வசனத்தைக் காலையில் வந்து மாற்றுவார். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளாமல் ‘விடுதிக்காரி’ என்றே கூப்பிடுவார். அப்படிப்பட்டவருக்காகத் தாம் எதையாவது இழக்க நேரும் என்பதே ஹெஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது.

இழப்பதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கணவர் கஸ் இறந்தபின் அவர் வாடகை அறையில் தனியே இருந்தார். அங்கே வானொலியைத் தவிர மனிதக் குரல் கிடையாது. படப்பிடிப்பில் மட்டும், விடியற்காலையில், ஒப்பனைக்காரி மேவிஸ் அவருடைய இடக்கையை மடியில் வைத்துக்கொள்வாள். விடுதிக்காரி மணமாகாதவள், ஹெஸ்டரின் திருமண மோதிரமோ விரலை விட்டு இறங்காது. அதனால் அதன்மேல் தோல் நிற மெழுகைப் பூசி மறைக்க வேண்டும். மெழுகு இறுகும்வரை மேவிஸ் தன் நாத்தனாரைத் திட்டுவாள், கறிக்கடைக்காரனின் தராசைத் திட்டுவாள். மதியம் அட்டைப்பெட்டியில் சாப்பாடு வந்ததும், தன் அவித்த முட்டையைக் கொடுத்துவிட்டு ஹெஸ்டரின் ஆப்பிளை எடுத்துக்கொள்வாள். அந்தப் பேச்சுக்காகத்தான் ஹெஸ்டர் படுக்கையை விட்டு எழுந்துகொண்டிருந்தார்.

அன்றும் முட்டை கைமாறியது. தாளைப் பற்றி ஹெஸ்டரே சொன்னார். மேவிஸ் அவரை ‘ஹெட்டி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“போட்டுத் தொலை, ஹெட்டி. அந்த ஆளு உனக்கென்ன மாமனா மச்சானா?”

“அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.”

“அப்புறம் என்ன கேடு?”

“கேக்காததைக் கேட்டேன்னு எப்படிடி எழுதிக் குடுக்கிறது?”

“நான் குடுக்கலையா? எனக்கு மூணு பிள்ளைங்க. உனக்கு யாரும் இல்ல, வீம்பு பண்ணுற.”

சொன்ன பிறகுதான் மேவிஸுக்கு உறைத்தது. ஆப்பிளைப் பாவாடையில் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்தாள். பிள்ளைகள் இருப்பவள் மாலையில் அவர்களிடம் போய்ச் சேருவாள். தாம் எங்கே போவது என்று ஹெஸ்டர் கேட்டிருக்கலாம்.

பிற்பகலில் கதவுக் காட்சி எடுத்தார்கள். கையும் தாழ்ப்பாளும் மட்டுமே தெரிய வேண்டும். முகம் தேவைப்படாததால் கதாநாயகன் கூடாரத்தில் படுக்கப் போய்விட்டான். முதல் தடவை கதவு படாரென்றது. அடுத்த தடவை கை அவசரப்பட்டது. இயக்குநர் கார்வி எழுந்து வந்தார்.

“அடிச்சுச் சாத்தாதீங்க, மேடம். அவன் மனசு நோகக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே சாத்துங்க. நல்லவங்க அப்படித்தான் சாத்துவாங்க.”

கதவுக்கு அப்பால் காய்ந்த மஞ்சள் புல்லைத் தவிர எதுவுமில்லை. சாத்துவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கறை படிந்த கழுத்துப்பட்டியோடு ரோத்மனை அங்கே நிறுத்திக்கொண்டார் ஹெஸ்டர். கை தானாகவே நகர்ந்தது. மெல்ல, மரியாதையாக, தாழ்ப்பாள் ஓசைப்படாமல் விழுந்தது.

“இதுதான்,” என்றார் கார்வி. விளக்கு பிடிப்பவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

ஹெஸ்டர் தம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது ஆண்டு நடிப்பில் எந்த வேலையும் அவருக்கு இவ்வளவு சுளுவாக வந்ததில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

லைல் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

“நான் போடப் போறதில்ல, லைல்.”

“ஏன்னு கேட்டா மேல என்ன சொல்றது?”

“அதுல எழுதியிருக்கிறது நடக்கல. அவ்வளவுதான்.”

“இதோட வேலை போயிடும், மேடம். இங்க மட்டுமில்ல, எங்கேயும்.” அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“தெரியும்.”

மேலிடத்து முடிவு வரும்வரை அவர் வந்தாக வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் மேவிஸ் மெழுகைப் பூசினாள். பேச்சில் நாத்தனார் வரவில்லை, கறிக்கடைக்காரன் வரவில்லை. மெழுகு இறுகியதும் கையை மடியிலிருந்து எடுத்து, நாற்காலியின் கைப்பிடிமேல் பதமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மதியம் ஹெஸ்டர் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் தெருவின் மறுபக்கம், மரப்பலகைச் சிறைச்சாலையின் வாசலில், நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மேவிஸும் அங்கேதான் இருந்தாள். ஹெஸ்டர் தம் பெட்டியிலிருந்த முட்டையை மட்டும் உரித்துத் தின்றார். ஆப்பிளைப் பக்கத்தில், மேவிஸ் உட்காரும் இடத்தில், வைத்தார். மாலையில் வண்டி ஏறும்போது பார்த்தார். ஆப்பிள் அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அறைக்குப் போய்ச் சுடுநீரில் கையை ஊறவைத்து மெழுகைத் தாமே உரித்தெடுத்தார். அன்று அவர் வானொலியைப் போடவில்லை.

திங்கட்கிழமை முடிவு தெரிவிக்கப்பட்டது. கதை வசனத்துக்கான இடத்தில் ரோத்மனின் பெயர் இராது; வேறொருவர் பெயர் போடப்படும். விடுதிக்காரியின் முகம் தெரியும் காட்சிகள் அனைத்தும் வேறொரு நடிகையை வைத்து மீண்டும் எடுக்கப்படும். கதவுக் காட்சியையும் மாற்றுவதாக இருந்தது. அதைப் போல இன்னொருவர் சாத்த முடியாது என்று கார்வி வாதாடியதால், முகமில்லாத அந்த ஒரு காட்சி மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளப்படும். ஹெஸ்டர் லிண்டின் பெயர் எங்கும் இடம்பெறாது. அவர் இனி வர வேண்டியதில்லை.