எச்சில் குச்சிகள்

இப்போதுதான் வாயிலிருந்து எடுத்த சாப்பாட்டுக் குச்சி, நுனியில் இன்னும் ஈரம் காயவில்லை, அதே குச்சியை மேசை நடுவில் கொதிக்கிற சட்டிக்குள் விட்டுத் துழாவி ஒரு மீன் துண்டைக் கவ்வி, சொட்டச் சொட்ட மேசைக்குக் குறுக்கே கொண்டுவந்து ஆவுடையம்மாளின் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறாள் மகள் விரும்புகிற பையனுடைய அம்மா, அய்யே, ஆவுடையம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து பிரட்டிக்கொண்டு வந்தது, மீன் என்ன பாவம் செய்தது, சங்கரன்கோவிலில் அவள் மீன்குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து நிற்பாள், ஆனால் எச்சில், நாலு பேருடைய வாய்க்குள் போய்வந்த குச்சிகள் ஒரே சட்டியில் முங்கி முங்கி எழுகின்றன, இவர்களுக்கு அருவருப்பே கிடையாதா, ஒரு கரண்டி கூடவா இந்த வீட்டில் இல்லை. போதும் என்று சொல்ல, ஊரில் இலைக்கு மேல் கையை விரிப்பதுபோல இரண்டு கையையும் கிண்ணத்தின் மேல் விரித்துக் குனிந்தாள், அந்த அம்மாள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, செல்லமாக அவள் கையை விலக்கிவிட்டு இன்னொரு துண்டை வைத்தாள்.

சிங்கப்பூருக்கு வந்த நாளிலிருந்தே இதே கூத்துதான். மகள் கோமதிக்கு இங்கே வேலை, கூட வேலை பார்க்கிற சீனப் பையன் வெய் லியாங்கைக் கட்டிக்கொள்ள ஆசை, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நீ சரின்னா கட்டிக்கிடுதேன், வேண்டாம்னா இவனையும் கட்ட மாட்டேன், வேற எவனையும் கட்ட மாட்டேன், வந்து பாத்துட்டுச் சொல்லு என்று போனில் சொல்லி டிக்கெட்டையும் அனுப்பிவிட்டாள், பிடிவாதத்தில் அப்படியே அப்பாவை உரித்து வைத்தவள். வந்தவளை ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று தீனிக்கடைகளையே சுற்றிக் காட்டினாள், சாக்கடையும் பலாப்பழமும் சேர்ந்து அடிக்கிற துரியன் பழம், தவளைக்கால் மிதக்கிற கஞ்சி, கன்னங்கரேலென்று ஒரு முட்டை, ஜப்பான்காரன் கடையில் வேகாத மீன், பிரெஞ்சுக்காரன் கடையில் பூசணம் பூத்த சீஸ், அதைப் பணம் கொடுத்து வாங்கிச் சப்புக் கொட்டித் தின்கிறார்கள், எத்தியோப்பியாக்காரன் கடையில் ஒரே தட்டில் புளித்த தோசை மாதிரி ஒன்றை விரித்து நாலு பேர் நாலு பக்கமும் பிய்க்கிறார்கள், அன்று கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஓங்கரித்தாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நல்லாருக்கு என்றாள், அந்த நல்லாருக்கு எவ்வளவு பழகிப்போன வார்த்தை, யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பையன் வீட்டில் விருந்து, அவன் அப்பாவும் அம்மாவும் கோமதியும் இவள் முகத்தையே பார்க்கிறார்கள், கிண்ணம் நிரம்பிக்கொண்டே போகிறது.

ஒரு வாய் சாப்பிடும்மா, மரியாதைப்பட்டவங்களுக்குத்தான் தன் கையால எடுத்து வைப்பாங்க என்று காதருகே கெஞ்சினாள் கோமதி. எச்சிக் குச்சிட்டி அது, எனக்குக் குமட்டுது என்றாள் இவள். கோமதி முகம் சுருங்கிப்போனது, சட்டென்று கேட்டுவிட்டாள், அப்பா எச்சி எலையில சாப்பிட்டியே, அது குமட்டலையா.

சட்டியின் ஆவி முகத்தில் அடிக்க, அது சங்கரன்கோவில் அடுக்களைப் புகையாகிறது, கல்யாணமான மறுநாள், அவர் சாப்பிட்டு எழுந்து போகிறார், மாமியார் அந்த இலையைக் காட்டி, உக்காரு தாயி, புருசன் எலை என்கிறாள், சப்பித் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள், கை வழித்த மோர்ச்சோறு, நடுவில் அவளுக்கென்று ஆசையாக மிச்சம் வைத்த ஒரு உருண்டை, அவர் விரல் தடம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாள், மாமியார் நல்லாருக்கா என்று கேட்கிறாள், நல்லாருக்கு என்கிறாள், இலை போய்த் தட்டு வந்தபோதும் அவர் தட்டுத்தான், சளி பிடித்து அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்ட நாளிலும் அதே தட்டுத்தான், புருசன்மேல எம்புட்டு ஆசை பாரு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அவர் நல்ல மனுசர், கை நீட்டி அடித்ததில்லை, ஆனால் உனக்கு இது இறங்குதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை, யாரிடம் சொல்வது, புருசன் எச்சில் குமட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது.

குமட்டுச்சுட்டி, என்றாள் ஆவுடையம்மாள். ஒவ்வொரு நாளும் குமட்டுச்சு.

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பையனுடைய அம்மா குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி என்ன என்று கேட்கிறாள், கோமதி அம்மாவையே பார்த்துக்கொண்டு, கைக்கு வந்த கடல் அட்டை ஒன்றை எடுத்துக் கடித்தாள், அது வழவழவென்று வாயில் நழுவ, முகம் கோணி, பாதியைக் கிண்ணத்திலேயே துப்பிவிட்டாள். மாமியார் வீட்டுச் சாப்பாட்டை மாமியார் முன்னால் துப்புகிறாளே பாவி என்று ஆவுடையம்மாள் பையனுடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சட்டியில் இன்னும் கொஞ்சம் கீரையைப் போட்டாள். அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்த வெய் லியாங் பேச்சை நிறுத்தாமலே திரும்பி, அவள் பல் பட்ட அந்தப் பாதி அட்டையைத் தன் குச்சியால் எடுத்து வாயில் போட்டு மென்றபடி, அவள் கிண்ணத்தில் ஒரு கீரைத்துண்டை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான்.

அய்யே, ஆம்பளை, பொம்பளை துப்பினதைத் தின்கிறான், ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் நீர் முட்டியது, அந்த நீர் குமட்டலால் மட்டும் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை, இப்படி ஒன்றை அவள் தன் வீட்டிலும் பார்த்ததில்லை, எவர் வீட்டிலும் பார்த்ததில்லை, மென்று விழுங்கிவிட்டு அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

என்னம்மா, எந்திரிச்சிருவோமா என்றாள் கோமதி.

இவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவன் அம்மாட்டச் சொல்லு, எனக்கு இது எறங்காது, கோவிச்சுக்கிட வேண்டாம்னு. தையில நாள் பாக்கட்டுமான்னும் கேளு. சொல்லிவிட்டு, நிரம்பி வழிகிற கிண்ணத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தாள், குமட்டல் இன்னும் அடங்கவில்லை.