கடைசியாகப் பயன்படுத்தியது: 41 நாள் முன்பு

சர்வர் என்னும் பெரிய கணினிகளை வாடகைக்கு விடும் கிளவுட் கம்பெனிக்காரர்கள் புது வசதிகளை அறிவிக்கும் நாள் வந்துவிட்டால் போதும், அந்த அலுவலகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். திங்கட்கிழமை காலை எல்லோரும் டீயும் கையுமாகப் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் நடந்துகொண்டே பேசுவதை வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்தார்கள். மேகக்காரியும் பார்த்தாள். அந்தக் கிளவுடில் ஆபீசுக்காக ஓடும் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவள் அவள்தான். கிளவுட் என்றால் மேகம், பட்டப்பெயர் அப்படி வந்தது. அவளுக்கு இந்த அறிவிப்பு என்றாலே எரிச்சல். அறிவிக்கிறவர் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் அதோடு மல்லுக்கட்டுவது யார்?

பதினோராவதாக வந்தது, தூங்கும் சர்வர்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி. முப்பது நாளாக மனிதர் யாரும் பயன்படுத்தாத சர்வரை இனி கிளவுடே அடையாளம் காணுமாம். நிரல் எழுதிச் சும்மா உசுப்பிவிட்டு உயிரோடு இருப்பதுபோல் காட்டும் வேலையெல்லாம் அதனிடம் பலிக்காதாம். மேடைக்காரர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மேனேஜர் அந்த வசதியை இயக்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள யாராவது பயன்படுத்தினா சர்வர் தப்பிச்சுது. இல்லேன்னா அழிஞ்சுது. யாரும் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

பட்டியலில் பதினேழு சர்வர்கள். பதினாறைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, தொலையட்டும். பதினேழாவதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தாள். 'குரல். கடைசியாகப் பயன்படுத்தியது: 41 நாள் முன்பு.'

தொண்டை அறுவை சிகிச்சையில் குரலை இழக்கப் போகிறவர்களின் பேச்சை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு அவர்கள் போனில் தட்டுவதை அவர்கள் குரலிலேயே சொல்லும் சேவை ஒன்றைக் கம்பெனி முன்பு நடத்தியது. அது ஓடவில்லை, மூடிவிட்டார்கள். அதற்கு நிரல் எழுதியவர்களும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஒரே ஒருவருக்காக மட்டும் அந்த சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேகக்காரியின் அத்தான், அக்காவின் கணவர். மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார்.

"உங்க அத்தான் ஒரு வார்த்தை பேசினா போதும்மா, தானா தப்பிச்சிடும். தினம் பேசறவர்தானே?" என்றார்.

அங்கேதான் அவளுக்குச் சுரீரென்றது. சர்வர் தூங்கிப்போனால் அத்தான் தட்டியதைச் சொல்ல அரை நிமிடம் எடுக்கும். ஒரு மனுஷன் தன் குரலுக்காக அரை நிமிடம் காத்திருக்க வேண்டுமா என்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை உசுப்பிவிட அவளே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். அதனால் மூன்று வருஷமாக அவள் திரையில் அந்த சர்வரின் வரி பச்சையாகவே எரிந்தது. தினமும் காலையில் பச்சையைப் பார்ப்பாள், அத்தான் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள், அடுத்த வேலையைப் பார்ப்பாள். அக்கா வீட்டுப் பக்கம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டவளை என்ன சொல்வது!

அக்காவுக்குப் போன் போட்டாள். "அத்தான் எப்படிக்கா இருக்காரு?"

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்காரு."

"பேசறாரா?"

"உனக்கு ஆபீஸ்ல வேலையே இல்லையாடி?" என்று அக்கா வைத்துவிட்டாள்.

அவளே அத்தானின் பக்கத்தைத் திறந்து ஏதாவது இரண்டு வார்த்தை தட்டியிருக்கலாம். பச்சை எரிந்திருக்கும். வியாழக்கிழமை அதற்காக விரலைக்கூடக் கொண்டுபோனாள். மறுபடியும் பொய்ப் பச்சையா என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு அக்கா வீட்டில் இருந்தாள். அத்தான் ஜன்னலோரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு குறிப்பு நோட்டு, காதில் பென்சில். அவள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அத்தான் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'போகட்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை.'

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எப்போ பிடிக்கலைன்னேன்?"

அவர் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'அதை நிறுத்துங்க என்றாய்.'

"அன்னிக்குச் சண்டை! நான் இங்க அழுதுக்கிட்டு நிக்கிறேன், அது சிரிச்ச மாதிரியே பேசுது!" அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "பதியும்போது நீங்க ஜோக்கடிச்சுச் சிரிச்சுக்கிட்டே பேசினீங்க. இப்போ எதைச் சொன்னாலும் என்னைக் கேலி பண்ற மாதிரியே கேக்குது. கோபத்துல அன்னிக்கு நிறுத்துங்கன்னு சொன்னேன். ஒரேயடியா நிறுத்துவீங்கன்னு நான் கண்டேனா? நீங்க கோபமா இருக்கீங்கன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகி நோட்டை மூடினார்.

"அஞ்சு மணிக்கு அழிஞ்சிடும்க்கா" என்றாள் மேகக்காரி. "அப்புறம் நானே நினைச்சாலும் கொண்டுவர முடியாது."

மணி நாலே முக்கால். அக்கா உள்ளே போனாள். டிராயர்களை இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. கணவரின் போனோடு வந்தாள், சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அவளே ஒயரைச் செருகினாள். திரை வெளிச்சமாகும் வரை மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். அப்புறம் அக்கா அதை அவர் கையில் திணித்தாள்.

"திட்டணும்னா திட்டுங்க. சிரிச்சுக்கிட்டே திட்டுங்க. எனக்கு அது வேணும்."

அவர் யோசித்து யோசித்து ஒரு விரலால் தட்டினார். நாற்பத்தைந்து நாளாக அந்த வீட்டில் ஒலிக்காத குரல், கலகலவென்று, பழைய கிண்டலோடு கேட்டது.

"ஒன்றரை மாசமா நீ டீயில சர்க்கரையே போடலை."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "வேணும்னுதான் போடலை. இதுக்காவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

மேகக்காரி தன் போனில் பட்டியலைத் திறந்தாள். 'குரல். கடைசியாகப் பயன்படுத்தியது: இப்போது.' அங்கேயே நின்றபடி, தன் உசுப்பும் நிரலைத் தேடி அழித்தாள். அரை நிமிடம் தாமதமானால் ஆகட்டும். இனி அவர் பேசாமல் போய்ச் சிவப்பு வந்தால் அவள் கண்ணில் பட வேண்டும்.

சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள், "எத்தனை ஸ்பூன்?"

அத்தான் விரலைத் தூக்கிக் காட்டப் போனார். காட்டாமல் இறக்கி, போனை எடுத்துத் தட்டினார்.

"ரெண்டு."