ஏழாவது கிட்

அப்பாவின் கைப்பையில் இருந்ததை மகள் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கல்லூரித் துறைத்தலைவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். டிபன் டப்பா, கண்ணாடிக்கூடு, டெஸ்டர், சாவிக்கொத்து. டப்பா கழுவியிருந்தது. நேற்று மதியம் சாப்பிட்டு, அதையும் கழுவி வைத்துவிட்டுத்தான் லேப் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். எதையும் பாதியில் விடாத மனுஷன்.

துறைத்தலைவர் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவைக் கும்பிட்டார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு இவளிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கேக்கவே வாய் வரலம்மா. நாளைக்கு உங்க பிராக்டிகல். வெளியிலேருந்து எக்ஸாமினர் வந்தாச்சு. எந்தெந்த கிட்ல என்ன ஃபால்ட்னு அப்பா எழுதி வெச்ச பேப்பர் மட்டும் எங்க தேடியும் கெடைக்கல."

பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் அப்பாதான் டெக்னீஷியன். அங்கே பன்னிரண்டு பயிற்சி கிட். ஒவ்வொன்றின் முதுகிலும் பூட்டிய சின்னப் பெட்டி, உள்ளே வரிசையாகச் சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் டையோடு என்ற பாகம் செத்ததுபோல் கிட் நடிக்கும். இன்னொன்றைத் தட்டினால் சிக்னல் நின்றுவிடும். முன்பக்க முனைகளை மீட்டரால் அளந்து பார்த்துக் கோளாறு எதுவென்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவளும் அந்த மாணவர்களில் ஒருத்தி. பதிவெண் வரிசையில் அவளுக்கு ஏழாவது கிட்.

நான்கு நாளைக்கு முன், "ஒரே ஒரு க்ளூ குடுங்கப்பா" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. "நீங்க எனக்கு அப்பாவா, வாட்ச்மேனா?" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினாள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை. கோபத்தோடேயே போய்விட்டாரா என்பதை இனி யாரிடம் கேட்பது? நேற்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

கண்ணாடிக்கூட்டுக்குள் மடித்த தாள் இருந்தது.

"நீ பாக்காதம்மா, இப்படிக் குடு..." அவர் சொல்லி முடிப்பதற்குள் பார்த்துவிட்டாள். ஏழுக்கு நேரே, 'கோளாறு இல்லை.'

"பாத்துட்டேன் சார். ஏழை மாத்திடுங்க. எனக்கு ஈஸியா இருக்கட்டும்னு விட்டிருக்காரு." வெட்கமாக இருந்தது.

"ஈஸியா? நீ வேற." அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "எப்பவாவது ஒரு கிட்டை இப்படி விடுவாரு. பசங்க பயந்துபோய் இல்லாத கோளாறை எழுதி வெச்சுட்டுப் போவாங்க. யாருக்குய்யா இதைக் குடுப்பீங்கன்னு ஒருதடவை கேட்டேன். தான் அளந்ததைத் தானே நம்பற புள்ளைக்குன்னாரு. மூணு வருஷமா யாருக்கும் குடுக்கல."

"எப்ப எழுதினாரு?"

"நேத்து காலையிலதாம்மா செட் பண்ணாரு."

அவள் அந்தப் பெட்டிகளின் சாவிக்கொத்தை அவரிடம் நீட்டினாள்.

"நீ இன்னொரு நாள் எழுதிக்கலாம். நான் பேசிக்கறேன்."

"இல்ல சார். வரேன்."

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். நில் என்ற இடத்தில் நின்றாள், குடி என்றதைக் குடித்தாள்.

மறுநாள் ஏழாவது கிட்டில் துறைத்தலைவர் ஏதோ ஒரு சுவிட்சைத் தட்டி வைத்திருந்தார். பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டாள். விடைத்தாளைக் கொடுத்தபோது கேட்டாள்.

"சார், அந்த ஃபால்ட்டை எடுத்துடறீங்களா? கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்."

அவர் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்து, சுவிட்சைத் திருப்பிவிட்டு மூடினார்.

முதல் முனையிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்து நான்கு இடம். எல்லா இடத்திலும் மீட்டர் காட்ட வேண்டியதைத்தான் காட்டியது. எதையும் இரண்டாம் முறை அளக்கவில்லை. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் தன் பதிவெண்ணைப் போட்டு, கீழே 'கோளாறு இல்லை' என்று எழுதினாள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரை அணைத்தாள்.