கட்டிலில் ஒரே பக்கம்

டெல்ஃபினும் நானும் கட்டிலின் ஒரே பக்கத்தில்தான் தூங்குவோம். ஜன்னல் பக்கம். நியூசிலாந்தில் வின்டன் ஊர்த் தேவாலயத்துக்கு வரும் எங்கள் பிலிப்பைன்ஸ் கூட்டம் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறது. அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜன்னல் பக்கத்தால் என் புருஷனை இந்த நாட்டை விட்டே அனுப்பப் பார்த்தார்கள்.

நான் நர்ஸ். ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் இராத்திரி வேலை. டெல்ஃபின், ரஸ் என்பவருடைய பண்ணையில் மாடு கறக்கிறான். பண்ணை வீட்டிலேயே குடியிருக்கிறோம். விடியுமுன் அவன் எழுந்து கறவைக் கொட்டகைக்குப் போய்விடுவான். நான் வேலை முடிந்து வந்து, ஜோவனையும் மைக்காவையும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெத்தையில் அவன் உடம்பு அழுந்திய குழியிலேயே போய் விழுவேன். மத்தியானம் நான் எழும்போது அவன் இரண்டாவது கறவைக்குப் போயிருப்பான். சாயங்காலம் சேறும் சாணியுமாக வந்து, குளித்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடியே கண்ணசந்துவிடுவான். எனக்கு வேலையில்லாத இராத்திரிகளில் நான் மைக்காவின் அறையில். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தூங்க மாட்டாள். பிள்ளையைத் தனி அறையில் அழவிட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது.

நியூசிலாந்துக்கு வருவதற்கு முன்னால் இதுகூட இல்லை. கல்யாணமான கையோடு அவன் சவூதியில் ஒரு பெரிய பால்பண்ணைக்குப் போனான். நான் ஊரில் பிள்ளைகளோடு இருந்தேன். போனில்தான் குடும்பம் நடத்தினோம். பிறகு எனக்கு இங்கே வேலை கிடைத்து, நான் முதலில் வந்து, அப்புறம் அவர்கள் மூன்று பேரையும் வரவழைத்தேன். ஒரே கூரையின் கீழ் நாலு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். அதனால் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தூங்குவது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு என் பேரில் விண்ணப்பித்தோம். நர்ஸ் வேலைக்கு இங்கே ஆள் பற்றாக்குறை, ஆகவே என் கதவு அகலமாகத் திறந்திருந்தது. டெல்ஃபின் என் கணவன் என்ற முறையில் என் பின்னால் வர வேண்டும். அவன் அப்போது வேலை பார்ப்பதற்கான அனுமதியும் அந்த ஒரு உறவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கூட்டத்தில் விசா என்றால் கோரிங் அக்காதான். அவள் பார்க்காத அதிகாரி இல்லை, கேட்காத கேள்வி இல்லை. கணவன் மனைவியைத் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று சொல்லி, மாமியாரின் முழுப்பெயர், கல்யாணத்தன்று பெய்த மழை, அவனுக்குப் பிடித்த நிறம் என்று எல்லாவற்றையும் எங்களை உருப்போட வைத்தாள். டெல்ஃபின் மாட்டுக்குக் காம்பு துடைத்துக்கொண்டே என் சித்திகளின் பெயர்களை முணுமுணுத்ததாக ரஸ் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கூப்பிட்ட அதிகாரியின் பெயர் பாட்டர்சன். மெதுவான குரல். என் சித்திகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று இராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள், கட்டிலில் யார் எந்தப் பக்கம், கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள், இப்படிக் கேட்டார். நான் சந்தோஷமாகப் பதில் சொன்னேன். இதற்கா உருப்போட வேண்டும்?

நேற்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து புளிக்குழம்பும் மீனும் சாப்பிட்டோம் என்றேன் நான். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கோழி சாப்பிட்டோம் என்றான் அவன். இரண்டும் பாதி உண்மை. மீன் நான் வேலைக்குக் கிளம்புமுன் தின்றது. கோழி அவன் கறவையிலிருந்து வந்து தின்றது. ஆனால் எங்கள் வீடுகளில் தனியாகச் சாப்பிட்டேன் என்று வெளியாள் ஒருவரிடம் சொல்லுவது வீட்டுக் கதவைத் திறந்து அழுக்குத் துணியைக் காட்டுவது மாதிரி. ஆகவே இரண்டு பேரும் தனித்தனியாக, சொல்லிவைத்தது போல, சேர்ந்து சாப்பிட்டோம். சண்டையா, எங்களுக்குள்ளா, கிடையவே கிடையாது என்றும் இரண்டு பேரும் சாதித்தோம். படுப்பது ஜன்னல் பக்கம் என்று நான் சொன்னேன். ஜன்னல் பக்கம் என்று அவனும் சொன்னான்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையாம். நாங்கள் உண்மையாகவே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். விளக்கம் தரலாம், அல்லது டெல்ஃபினின் பெயரை நீக்கிவிட்டு என்னையும் பிள்ளைகளையும் வைத்து விண்ணப்பத்தைத் தொடரலாம்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் சோறு தீய்ந்தது கூடத் தெரியவில்லை.

கோரிங் அக்கா வந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பெயரை நீக்கிவிடுவதே புத்தி என்றாள். என்னுடைய விசாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம் அவனை வேறு வழியில் கூப்பிட்டுக்கொள்ளலாம், அதுவரை அவன் ஊருக்கோ சவூதிக்கோ போகட்டும், எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்து, கதவோரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த டெல்ஃபினும் தலையை ஆட்டினான்.

“அக்கா சொல்றது சரிதாம்மா,” என்றான். “எனக்குப் பழகினதுதானே. பிள்ளைங்க படிப்பு முக்கியம்.”

“எனக்குப் பழகலப்பா,” என்றேன். “நாலு பேருக்கும் சேர்த்துக் குடுத்தா வாங்கிப்பேன். மூணு பேருக்குன்னா எனக்கும் வேணாம்.”

கோரிங் அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். கொடுப்பதை வேண்டாம் என்கிறவளை அவள் அதுவரை பார்த்ததில்லை. நான் ஒற்றைக் காலில் நின்றேன். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, எங்கள் வீட்டைப் பார்த்தபடி விசாரிக்க வேண்டும் என்று கேட்டு எழுதினேன். பதில் வராதபோது திரும்ப எழுதினேன். இராத்திரி வேலை முடிந்து தூங்காமல் உட்கார்ந்து போனில் காத்திருப்புச் சங்கீதம் கேட்டேன். அந்தச் சங்கீதம் இப்போதும் என் காதில் கேட்கிறது. கடைசியில் பாட்டர்சன் வீடியோவில் வர ஒப்புக்கொண்டார்.

அது கன்று ஈனும் பருவம். அந்த நாட்களில் பண்ணையில் ஒருவனுக்கு ஒரு மணி நேரம் விடுப்பு கேட்பது, அடைமழையில் குடையை இரவல் கேட்பதைப் போல. ரஸ் தானே கொட்டகைக்குப் போய் நின்றார். டெல்ஃபின் ஓடிவந்து உட்கார்ந்தபோது முழங்கைவரை கழுவியிருந்தான். காதில் மட்டும் வைக்கோல் ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை எதையும் அழகுபடுத்துவதில்லை என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவைத்திருந்தேன். நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை என்பதில் ஆரம்பித்தேன். யார் எப்போது வருகிறார், எப்போது போகிறார், பிள்ளைகளை யார் எப்போது பார்த்துக்கொள்கிறார், எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். விரிப்பை விலக்கி அடியில் கிடந்த, படுக்கையைச் சூடாக்கும் கரண்ட் போர்வையைக் காட்டினேன். பழையது வாங்கினோம், சுவர்ப் பக்கம் சூடாவதே இல்லை, ஜன்னல் பக்கம் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, இந்தக் குளிரில் எந்த மடையன் சுவர்ப் பக்கம் படுப்பான் என்று கேட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர்தானே படுக்கிறோம், புதிது எதற்கு என்று விட்டுவிட்டோம் என்றேன்.

பாட்டர்சன் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, உங்கள் விளக்கம் புரிகிறது, ஆனால் முன்பு இருவருமே உண்மை சொல்லவில்லை என்பதையும் நான் கணக்கில் எடுக்க வேண்டும், உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று டெல்ஃபினைக் கேட்டார்.

தப்பு தன்னுடையது என்றான். மனைவி நல்ல நர்ஸ், கிழவர்களெல்லாம் அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றான். அப்புறம் அந்தப் பாவி சொன்னான்: “சார், என்னால தொந்தரவுன்னா என் பேரை அடிச்சிடுங்க. அவங்க மூணு பேருக்கும் குடுத்தாப் போதும். நான் போயிடறேன்.”

நான் கேமராவை மறந்தேன். அதிகாரியை மறந்தேன். எங்கள் பாஷையிலேயே அவனைத் திட்ட ஆரம்பித்தேன்.

“யாரைக் கேட்டுச் சொன்ன? போயிடறேன், போயிடறேன். இதே பொழப்பா உனக்கு? ஜோவன் பொறந்தப்ப எங்க இருந்த? மைக்கா உன்னை முதமுதல்ல பார்த்தப்ப மாமான்னு கூப்பிட்டா, ஞாபகம் இருக்கா? நீ தனியா ரூம்ல போய் அழுத. நான் பார்க்கலன்னு நெனச்சியா? தியாகம் பண்றியாக்கும். உன் தியாகத்தை யாரு கேட்டா? எனக்குப் புருஷன்தான் வேணும்.”

“பிள்ளைங்களுக்காகத்தானே சொன்னேன்,” என்றான் அவன், மேஜையைப் பார்த்தபடி.

“பிள்ளைங்களுக்கு அப்பா வேணாமா? காதுல இருக்கிற வைக்கோலை மொதல்ல எடு. பெரிய மனுஷன் முன்னாடி இப்படியா வந்து உக்காருவ?”

அவன் தடவிப் பார்த்தான், கிடைக்கவில்லை. நானே எடுத்து எறிந்தேன். அப்போதுதான் பாட்டர்சன் ஞாபகம் வந்தது. திரையில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் கணவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன், மாமா என்று கூப்பிட்டது, தியாகம், வைக்கோல், எல்லாம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

“மொதத் தடவை, சண்டையே போட்டதில்லைன்னு ரெண்டு பேரும் சொன்னீங்க,” என்றார் அவர்.

“வெளியாள்கிட்ட அப்படித்தான் சார் சொல்லுவோம்,” என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களில் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. காரியத்தை நானே வாயால் கெடுத்துவிட்டேன் என்று கோரிங் அக்கா கோவிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே இருக்கட்டும், மறுத்தால் மேல்முறையீடு, அதுவும் போனால் நாலு பேரும் ஒரே விமானத்தில் ஊருக்கு, என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். யாரும் யாரையும் விமான நிலையத்தில் வழியனுப்பப் போவதில்லை. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடிதம் போனில் வந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது. எழுந்து போனைப் பார்த்தேன். இராத்திரி உடையின் மேல் அவனுடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தில் ஓடினேன். டெல்ஃபின் தரையில் படுத்தபடி ஒரு பசுவிலிருந்து கன்றை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் உள்ளே. என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“எத்தனை பேரு?” என்றான்.

“நாலு.”

“பேரைப் படி.”

படித்தேன். அவனுடைய பெயரைக் கடைசியாகப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. அதைத் துடைக்கும் சாக்கில் வெகுநேரம் தலையைக் குனிந்தே வைத்திருந்தான். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே மேட்ரனிடம் போய் எனக்குப் பகல் வேலைதான் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. கோவிலிலிருந்து பிள்ளைகளைக் கோரிங் அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தாள். வெளியே தெற்கிலிருந்து அடிக்கும் குளிர் மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுக்கலாம் என்று போனோம். அவன் தலையணையில் தலையை வைத்ததும் தூங்கிவிட்டான். நான் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவன் புரண்டு, தூக்கத்தில் கையை வீசினான். கை என் தோளில் விழுந்தது. விழுந்த வேகத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“யாரது?” என்றான்.

“உன் பொண்டாட்டிதான்,” என்றேன். “கவர்மென்டே ஒத்துக்கிச்சு. படு.”

படுத்தான். கை திரும்பவும் என் தோளுக்கு வந்தது.