ஈயப் பொட்டு

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏதோ நல்லது செய்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அவன் நல்லது செய்தால் அவளுக்கு வேலை இரட்டிக்கும்.

கடை ஒரே அறை. இடது மேசையில் அவள் கைக்கடிகாரம் பார்ப்பாள். வலது மேசையில் அவன் ரேடியோவும் மிக்ஸியும் பார்ப்பான். நடுவில், வருகிறவர்களுக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று.

"அக்கா வாட்ச நானே முடிச்சிட்டேன்" என்றான்.

"எதால?"

"சால்டர்தான். ஸ்பிரிங் நுனி கழண்டு நின்னுச்சு. ஒரே ஒரு பொட்டு வெச்சேன். கண்ணுக்கே தெரியாது."

அவள் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தாள். நன்றாகவே தெரிந்தது. முடியைவிட மெல்லிய சுருளின் வெளிநுனி, அதைப் பிடித்து நிறுத்தும் பித்தளைக் குமிழோடு ஈயத்தில் உறைந்திருந்தது. பக்கத்திலேயே சுருளின் நீலம் செத்துச் சாம்பலாகியிருந்தது. சாமணத்தின் மெல்லிய இடுக்கு நுனியால் தொட்டாள். வளைந்தது. திரும்பி வரவில்லை.

"சூடு பட்டா விறைப்பு போயிடும்ங்க. அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல, கம்பி."

"வேற போட்டுடு."

"இதுக்கா? இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல."

அவன் வாசலைப் பார்த்தான். "அக்கா வர்ற நேரம் ஆச்சே."

நாத்தனாருக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. கணவர் இறந்துபோனதிலிருந்து அவருடைய கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்து, அது ஓடுகிற சத்தத்தில்தான் தூங்குகிறார். போன வாரம் அது கட்டிலிலிருந்து விழுந்து நின்றது. அன்றிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. வேறொரு கடிகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். யாரோ வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"முதல்ல அந்தச் சால்டர் பிளக்கைப் பிடுங்குங்க" என்றாள்.

முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தோடு சுருளை வெளியே எடுத்தாள். சாம்பல் நிறம் முடிகிற இடம் தாண்டி, நீலத்தில் வெட்டினாள். விழுந்த துண்டு நகக்கீற்று அளவுதான். வெட்டியதை ஒட்ட வழியில்லை.

குமிழின் துளைக்குள் அடைத்திருந்த ஈயத்தை மெல்லிய ஊசி அரத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு பித்தளைக் கம்பி ஒன்றை விரல்களில் உருட்டி உருட்டி, நுனி ஆணிபோலக் கூராகும்படி அரத்தில் ராவினாள். சுருளின் புது நுனியைத் துளைக்குள் விட்டாள். அதன் பக்கத்தில் அந்த ஆணியைச் செருகினாள்.

"மூச்சு விடலாமா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

ஆணியைச் சாமணத்தால் அழுத்தினாள். இறுகியது. சுருளை லேசாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சூடு இல்லை, பசை இல்லை. நெருக்கம் மட்டும்தான். மிச்ச ஆணியை வெட்டிவிட்டு, சக்கரத்தை அதன் இடத்தில் இறக்கினாள்.

சக்கரம் ஒரு பக்கம் போனது. நின்று யோசித்த மாதிரி இருந்தது. திரும்பி வந்தது. பிறகு நிற்கவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது. ஆனா சுருள் குட்டையாயிடுச்சு. இனிமே குதிரை மாதிரி ஓடும்."

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முள்ளைத் தேடினாள். அது ஏற்கெனவே கூட்டும் பக்கத்தின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ எப்போதோ, இதற்குமேல் முடியாது என்கிற வரை தள்ளியிருக்கிறார்கள். அவள் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, துடிப்பைக் கேட்டு வேகம் சொல்லும் பெட்டியின்மேல் கடிகாரத்தை வைத்தாள். அதன் திரையில் கோடு சாயாமல் நேராகப் போனது, வேகம் சரி.

நாத்தனார் வந்தபோது பின்மூடியை மூடிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னடா தம்பி, முகமே சரியில்ல. கெடுத்துட்டியா?"

"கெடுத்தேன்க்கா. அவ சரி பண்ணிட்டா."

"அதானே பார்த்தேன்."

"ஓடுது அண்ணி" என்றாள் அவள். "சத்தம் அதேதான். ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. இதுக்கு ஸ்பிரிங் கொஞ்சம் நீளம் போலிருக்கு, முள்ளை எவ்வளவு தள்ளியும் மெதுவாவே ஓடியிருக்கு. இப்ப நுனிய வெட்டினதுல நேரம் சரியாயிடுச்சு."

"மெதுவாவா? எப்பலேருந்து?"

"செஞ்ச நாளிலேருந்தே இருக்கும்."

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவரு எங்க போனாலும் லேட்டு. கேட்டா வாட்ச் மேல பழி போடுவாரு. வாய் கூசாம பொய் சொல்றீங்களேன்னு கத்துவேன். பாவி மனுஷன், நிஜத்தைத்தான் சொல்லியிருக்காரு."

கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்தார். தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்தது.

"இதுதான்" என்றார்.

அவன் டீ சொல்ல எழுந்தான். திரும்பிப் பார்த்தால் அக்கா தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கடிகாரம் காதிலேயே இருந்தது.

வாசலில் ஒருவர் மிக்ஸியோடு வந்து நின்றார். அவன் ஒரே தாவலில் போய் அதை வாங்கிக்கொண்டு, அவரையும் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மேசையில் பித்தளைத் தூள் கிடந்தது. அவள் ஊதப் போனாள். நாற்காலிப் பக்கம் பார்த்துவிட்டு ஊதவில்லை. விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள்.