முன்னூறு சிரட்டை

அந்த 1962 கோடையில் சண்முகவள்ளி டீச்சருக்குப் பாடம் நடத்துவதைவிட ஊருக்கு ஒரு கிணறு வாங்குவதே பெரிய வேலையாகிவிட்டது. ராமேஸ்வரம் தீவின் அந்த மீனவக் குப்பத்தில் நல்ல தண்ணீர் என்றால் மணலில் தோண்டிய ஊற்றுக்குழிதான். பெண்கள் பாதி நாள் அதன் ஓரம் காத்துக் கிடந்து, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவு என்று காட்டினால் கிணறு கிடைக்கும் என்று சர்க்கார் அதிகாரி சொல்லியிருந்தார்.

டீச்சர் அதையே பாடமாக்கினாள். சர்க்கார் அனுப்பிய புது லிட்டர் குவளையில் அளந்தால் ஒரு சிரட்டை 250 மில்லி லிட்டர். வீட்டுக்கு எத்தனை சிரட்டை என்று எண்ணி, பெருக்கி, தசமப் புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் தள்ளி லிட்டராக்க வேண்டும். அந்தப் புள்ளி ஒரு மாதம் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தியது. ஒருத்தன் தன் வீட்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று எழுதி வைத்தான். குளிக்கவே மாட்டான், பத்தாயிரம் லிட்டராம். ஐந்தாம் வகுப்பு மிக்கேலம்மாள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள்.

அதிகாரி வந்த அன்று டீச்சர் அவளைத்தான் முதலில் எழுப்பினாள்.

"முன்னூறு சிரட்டை சார்," என்று மிக்கேலம்மாள் பலகையில் எழுதினாள். "எழுபத்தஞ்சாயிரம் மில்லி லிட்டர். புள்ளியத் தள்ளுனா எழுபத்தஞ்சு லிட்டர். ஆறு பேரு. ஆளுக்குப் பன்னெண்டரை."

டீச்சருக்குத் தெரியும், அந்த வீட்டுக்கு ஒருநாளும் நாற்பத்தெட்டுச் சிரட்டைக்கு மேல் கிடைத்ததில்லை. அடுத்து எழுந்த பிள்ளைகளும் இருநூறு, முன்னூறு என்றே அளந்துவிட்டார்கள். ஒருவருக்கும் புள்ளி பிசகவில்லை.

"ஐயா, பெருக்குனது சரி. சிரட்டைக் கணக்குத்தான் பொய்," என்றாள் டீச்சர்.

"எண்ணித்தான் பாத்தேன் சார்," என்றாள் மிக்கேலம்மாள், தலை நிமிராமல்.

"கெணறு வேணுங்கிறதுக்காகப் பிள்ளையப் பொய்க்காரியாக்காதீங்க டீச்சர்." அதிகாரி எழுதி முடித்துக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"அம்மாதான் சொல்லச் சொன்னுச்சு டீச்சர். தண்ணியில்லாத ஊருன்னு எழுதிப்புட்டா அண்ணனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டுச்சு. எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்லிவிட்டாக."

டீச்சருக்குக் கோபம் வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆவணியில் மிக்கேலம்மாள் வீட்டுக்கு அண்ணி வந்தாள். வீட்டில் ஏழு பேர் ஆனார்கள். பழைய ஊற்றில் சுரப்பது போதவில்லை. தள்ளி இன்னொரு குழி தோண்டி, அதன் ஓரம் காத்திருக்க ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து மிக்கேலம்மாள் பள்ளிக்கூடம் வரவில்லை.